காசு கொடுத்துப் போனவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது

இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டத்தை மைதானத்துக்கே போய்ப் பார்ப்பது இப்போது தண்டனைதான். முதலில் டிக்கெட் விலை. 2016-ல் லிவர்பூல் அணி 77 பவுண்டு டிக்கெட் அறிவித்ததும், சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று லிவர்பூல் முன்னிலை; ஆட்டம் முடிந்தபோது 2-2! சில நாளிலேயே நிர்வாகம் பணிந்தது, அது வேறு கதை.

சரி, காசை விடுங்கள். ரயிலுக்கு முன்பதிவு செய்த பிறகு, டிவிக்காக சனிக்கிழமை ஆட்டத்தைத் திங்கள் இரவு 8 மணிக்கு மாற்றுவார்கள். வெளியூர் ரசிகன் எப்போது வீடு போய்ச் சேருவது, மறுநாள் எப்படி வேலைக்குப் போவது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2019-ல் வந்த வி.ஏ.ஆர்., அதாவது நடுவரின் முடிவை வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் முறைதான் உயிரை வாங்குகிறது. கோல் விழுகிறது, முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறோம். பார்த்தால், நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆஃப்சைடா (விதியை மீறி முன்னால் போய் நின்றாரா), பந்து கையில் பட்டதா? யாருக்குத் தெரியும்! வீட்டில் சோபாவில் கிடப்பவனுக்கு மட்டும் கோடு போட்டு, பெரிதாக்கி, நாலு கோணத்தில் காட்டுகிறார்கள். நாம் அவனுக்கே போன் போட்டு, “என்னப்பா ஆச்சு?” என்று கேட்க வேண்டியிருக்கிறது.