தூரத்தை 900-ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடுமா?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கு சரி, ஆனால் வானம் அப்படி நடந்துகொள்வதில்லை.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 5,540 கி.மீ. உங்கள் கணக்குப்படி ஆறு மணி நேரம் பத்து நிமிடம். டிக்கெட்டில் போகும்போது எட்டு மணி நேரம் என்று இருக்கும், திரும்பும்போது ஏழுதான். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக அடிக்கும் ஜெட் காற்றுதான் காரணம். திரும்பி வந்த இரவில் தூக்கம் வராமல் முன் சீட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரைவேகம், அதாவது தரையை வைத்து அளந்த வேகம், மணிக்கு 1,080 கி.மீ. என்று காட்டியது. போகும்போது 800-ஐத் தாண்டவே திணறியது! ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடக்கம்.

அப்புறம், தூரம் என்று நீங்கள் போடுவது உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. விமானம் எப்போதும் அதில் போக முடியாது. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. இரு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்திருக்கலாம். ஹீத்ரோவில் காலை 11-க்கு ஏறி நியூயார்க்கில் மதியம் 2-க்கு இறங்குவதைப் பார்த்து, மூன்றே மணி நேரம்தானா என்று என் அத்தை கேட்டார்.