படத்தைத் திருப்பிப் பாருங்கள்

போன ஞாயிறு மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் பெரியம்மா வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டு இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது லாரியில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த டின் அது. உள்ளே ஐம்பது படங்கள் தேறும். அடியில் ஒரு கட்டுக் கடிதம்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, 1958. பெரியம்மா கல்யாணத்துக்கு முந்திய வருடம் என்பதால் ஆண்டில் சந்தேகமில்லை. கோயிலுக்கு முன்னால் 23 பேர் நிற்கிறார்கள். பெரியம்மாவுக்கு இப்போது 86 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து விரல் வைத்துச் சொல்லத் தொடங்கினார். இவர் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவு) எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. இந்த அக்கா ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். இவள் எனக்குப் பக்கத்து நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள், இடது கையை முந்தானைக்குள் மறைத்திருக்கிறாள் பார், பால் கத்தி பட்ட கை. எத்தனையோ தடவை பார்த்த படம்தான். அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

17 பேருக்குப் பெயர் வந்தது. படத்தைத் திருப்பினால் பின்பக்கம் வெறும் வெள்ளை. அறுபது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர்கள் ஒரே ஒரு மனுஷியின் தலைக்குள் இருந்திருக்கின்றன. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது பலரும் பழைய படங்களை ஸ்கேன் செய்து முகநூலில் போடுகிறார்கள். நல்ல வேலைதான், நானும் செய்கிறேன். ஆனால் ‘அந்தக் காலத் தோட்ட வாழ்க்கை’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற ஸ்டூடியோக்கள் நம் ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்து விற்றன. அந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே என்ன எழுதினார்கள்? ‘தமிழ்க் கூலிகள்’, ‘கிளிங் பெண்’ (கிளிங் என்பது நம்மவர்களை இழிவாகச் சொல்லும் சொல்). பெயர் கிடையாது. நம் பாட்டியின் படத்தை நாமே பெயரில்லாமல் போட்டால் அவளை அதே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறோம். கோயில் கும்பாபிஷேக மலர்களிலும் இதே கதைதான். முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பட்டம் பதவியோடு பெயர், பின்வரிசைக்கு ‘பக்தர்கள்’.

இந்த வட்டாரத்தில் நம்மவர்கள் முதலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை). தோட்ட நிர்வாகத்தின் கணக்குகளில் நாம் எத்தனை தலை, ஒரு நாள் கூலி எவ்வளவு என்பது இருக்கும். யார் யாருக்குக் கை கொடுத்தார்கள், யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது.

கடிதங்களுக்கு வருகிறேன். எல்லாம் நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாத்தாவுக்கு வந்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த அடையாளம். உறைகளில் தோட்டத்தின் பெயர், நிபோங் திபால், பி.டபிள்யூ., மலாயா என்று விலாசம். பி.டபிள்யூ. என்றால் என்ன என்று என் மகன் கேட்டான். ப்ரொவின்ஸ் வெல்லஸ்லி, இன்றைய செபராங் பிறை. பல உறைகளில் தபால்தலை இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை. சின்ன வயதில் மாமா தபால்தலை சேர்த்தார், தலையோடு முத்திரையும் தேதியும் போய்விட்டன. மாமா அதற்காக இன்றைக்கும் வருந்துகிறார்.

தேதி மிஞ்சிய கடிதங்களை வரிசையாக அடுக்கினோம். 1941 நவம்பரில் ஒன்று. அடுத்தது 1946. இடையில் ஒன்றுமே இல்லை. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டதும், அப்புறம் ஊரோடு தபால் அறுந்துபோனதும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். மேசையில் அந்த இடைவெளியைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. 1946 கடிதம் தாத்தாவின் அம்மா, எங்கள் பூட்டி, யாரிடமோ சொல்லி எழுதவைத்தது. ‘நாலு தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில், ‘அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது.’ பெரியம்மா அதற்குமேல் படிக்க வேண்டாம் என்றார். டின்னை மூடிவிட்டு கோப்பி கலக்கப் போனார்.

தாத்தா எழுதிய பதில்கள் எங்களிடம் இல்லை. அவை போன இடம் அந்தக் கிராமம். தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் மலாயா தபால்தலை ஒட்டிய உறை இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் பாதிப் பேச்சு உங்களிடம் இருக்கிறது.

இங்கே இருப்பவர்களுக்கு: தயவுசெய்து பழைய படங்களை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. பசைத்தாள் ஆல்பத்தில் இருந்தால் ஸ்கேன் செய்த பிறகு மெதுவாக எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இழுக்க வேண்டாம். பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சில் போதும், ஓரமாக, அழுத்தாமல். கடிதத்தையும் உறையையும் பிரித்து வைக்காதீர்கள். இதையெல்லாம்விட முதல் வேலை, வீட்டில் 80 தாண்டியவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருவது. போனில் பதிவு செய்யுங்கள். பெயர் மறந்திருந்தாலும் ‘சுருட்டுக் கடைக்காரர் மருமகள்’ என்று சொன்னால் அதையும் எழுதுங்கள், வேறு யாராவது அதைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்வார்கள்.

திருவிழாப் படத்தை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்த 17 பேரின் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீதி ஆறு பேரில் ஒருவர், பின்வரிசையில் வலப்பக்கக் கடைசி, கையில் கிளாரினெட் வைத்திருக்கிறார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் சீப்பு தெரிகிறது. ‘நல்லா ஊதுவார், ஆனால் பேர் வரவில்லையே’ என்று பெரியம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நிபோங் திபால் பக்கத் தோட்டங்களில் திருவிழாவுக்குக் கிளாரினெட் ஊதிய தாத்தா உங்கள் குடும்பத்தில் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு நான் மறுபடியும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.