அதிர்வை அணைக்காதீர்கள்

ரேஸிங் கேமில் கன்ட்ரோலர் அதிர்வு பேட்டரியைத்தான் தின்னும், அணைத்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிஜக் காரில் டயர் பிடி விடுவதை இருக்கையும் ஸ்டியரிங்கும் உடம்புக்குச் சொல்லிவிடும். கேமில் அதற்கு விரல்தான் இருக்கிறது.

2013இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் கைப்பிடிகளில் 2, ட்ரிக்கர்களில் (ஆள்காட்டி விரலால் அழுத்தும் பொத்தான்கள்; இடது பிரேக், வலது ஆக்சிலரேட்டர்) 2 என மொத்தம் 4 அதிர்வு மோட்டார்கள். ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5 என்ற ரேஸிங் கேமில் பிரேக்கை அதிகமாக அழுத்தி சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் இடது ட்ரிக்கர் படபடவென்று துடிக்கும். ஆள்காட்டி விரலை ஒரு நூல் தளர்த்தினால் போதும், துடிப்பு அடங்கி கார் வளைவுக்குள் திரும்பும். அவசரப்பட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்து சக்கரம் வழுக்கிச் சுற்றினால் வலது ட்ரிக்கர் சொல்லிவிடும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதவியை அணைத்துவிட்டு ஓட்டுகிறவன் நான். திரையையும் சத்தத்தையும் மட்டும் நம்பினால் எனக்கு எப்போதும் அரை நொடி தாமதம்தான். பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.