சும்மா கிடக்கிற நிலமாம்

நம் ஏரிக்கு மேற்கே வீட்டுமனை போடும் திட்டம் பற்றி வியாழக்கிழமை நடந்த கூட்டம் உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், எனவே மறுபடி விவரிக்கப்போவதில்லை. எதிர்த்துப் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள், இரண்டாவது நிமிடமே மணி அடித்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. (இருக்கிறது. பிறகு வருகிறேன்.)

இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒரு பேச்சு: “ஏரிக்கு மேற்கே சும்மா கிடக்கிற நிலம்.” திரையில் காட்டிய வரைபடத்தில் அந்த இடத்துக்கு வெளிர் மஞ்சள் பூசி, “பயன்பாட்டில் இல்லாதது” என்று எழுதியிருந்தார்கள். ஏரிக்கு மட்டும் நல்ல நீலம். அதைச் சுற்றி வரிசையாகக் கட்டங்கள், “ஏரியைப் பார்த்த மனைகள்”. ஊரே குடிக்கிற ஏரி, ஜன்னலுக்கு வெளியே மாட்டிய படமாகிவிட்டது.

அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை ஐயா. அங்கே விழுகிற மழை புல்லில் தட்டி வேகம் குறைகிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, கொண்டுவந்த அழுக்கில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு மெதுவாக ஏரிக்கு வந்து சேர்கிறது. அதன்மேல் கூரையும் தார்ச்சாலையும் போட்டுவிட்டால், அதே மழை வண்டி எண்ணெயையும் நாய்க் கழிவையும் அள்ளிக்கொண்டு பத்தே நிமிடத்தில் ஏரியில் விழும். ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பாதுகாப்பு மண்டலம் வகுக்கிறார்கள். அதில் இரண்டாவது வளையத்தின் எல்லையை நாள் கணக்கில் அளக்கிறார்கள்: நிலத்தடி நீர் கிணற்றுக்கு வந்துசேர 50 நாள் எடுக்கும் தூரம். அத்தனை நாள் மண்ணுக்குள் ஊர்ந்து வந்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது கணக்கு. 50 நாள் காவல் நிற்கிற மண்ணுக்கு நம்மிடம் உள்ள பெயர் “பயன்பாட்டில் இல்லாதது”.

“சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அவருக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் டொலிடோ நகரத்திலும் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் உரச்சத்து சேர்ந்து, நீலப்பச்சைப் பாசி மண்டி, அதன் நஞ்சு நிலையத்தையும் தாண்டிக் குழாய்வரை வந்துவிட்டது. சுமார் நான்கு லட்சம் பேரிடம் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைக்கவும் செய்யாதீர்கள், கொதித்தால் நஞ்சு இன்னும் செறிவாகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே வயல்களிலிருந்து வந்தது, இங்கே வரப்போவது வீடுகள்தானே என்பீர்கள். பாசியை வளர்க்கிற உரச்சத்தான பாஸ்பரசுக்கு வயலும் தெரியாது, வீடும் தெரியாது. கழிவுநீரிலும் அதுதான் இருக்கிறது.

சரி, எல்லாரும் எதிர்பார்க்கிற கேள்விக்கு வருகிறேன். “நீ மட்டும் ஏரி ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டாயே?”

ஆமாம், கட்டினேன். கட்டும்போது கொத்தனார் சொன்னார்: கழிவுத்தொட்டிக்கு அடியில் தளம் போட வேண்டாம், போட்டால் அடிக்கடி நிரம்பும், லாரி கூப்பிட வேண்டிவரும். தலையாட்டினேன். பதினொரு வருடம் அந்தத் தொட்டி நிரம்பவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். நிரம்பாத தொட்டியிலிருந்து எல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்தபோதுதான் மருத்துவர் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலி, அதாவது மலத்திலிருந்து வருகிற கிருமி, ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் கிணற்றில் இருந்தது. வீட்டுக்கு வந்து தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே காலால் அளந்தேன்: இருபத்திரண்டு அடி. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலராவைப் பரப்பிய கிணற்றுக்கும் பக்கத்துக் கழிவுக்குழிக்கும் இடையேயும் சில அடிதான் இருந்தது. பதினொரு வருடமாக நாங்கள் எங்களையே குடித்திருக்கிறோம்.

தொட்டியை உடைத்துத் தளம் போட்டேன், இப்போது லாரி கூப்பிடுகிறேன். நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. ஒரு தொட்டி செய்ததை அறிந்தவன், அதே மண்ணில் வரிசையாக வரப்போகிற தொட்டிகளைப் பற்றிப் பேசக் கூடாதா? தப்பு செய்தவனுக்கு வாய் இல்லையென்றால், அந்தக் கூட்டத்தில் யார்தான் பேசியிருக்க முடியும்?

“வளர்ச்சிக்கு எதிரி” என்றும் சொன்னார்கள். நியூயார்க்கைவிடவா நாம் வளர்ந்துவிட்டோம்? அந்த நகரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி இன்றைக்கும் கிருமிநீக்கம் மட்டும் செய்யப்பட்டு, வடிகட்டாமல் வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதிலாக 1997-இல் நீர்ப்பிடிப்பு மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். பாசத்தால் அல்ல, அந்த ஊர்கள் வழக்குக்குப் போன பிறகுதான். விற்க விரும்பியவர்களிடம் மட்டும் நிலம் வாங்கினார்கள், பழுதான கழிவுத்தொட்டிகளைச் சரிசெய்யப் பணம் கொடுத்தார்கள், ஊர்களின் கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தினார்கள். அந்த ஒப்பந்தத்தில் யாரையும் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. சும்மா கிடக்கிற நிலத்துக்கு அவர்கள் சம்பளம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

மேற்கே நிலம் வைத்திருப்பவர்களின் நஷ்டம் நியாயமான கேள்வி. பணம் கொடுங்கள் என்பதே என் பதில். வீடில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்பது அதைவிட நியாயமான கேள்வி. சாலையும் கழிவுநீர்க் குழாயும் ஏற்கனவே போயிருக்கிற கிழக்குப் பக்கத்தில், மூடிக் கிடக்கிற கிடங்குகளின் இடத்தில் நான்கு மாடி கட்டலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் மணி அடித்தது. உண்மையில் சும்மா கிடப்பது அந்த இடம். ஆனால் அங்கிருந்து ஏரி தெரியாது. யார் வாங்குவார்கள்?

வருத்தத்துக்கு வருகிறேன் என்றேன். என் கிணற்றுச் சோதனை முடிவு வந்த வாரம், எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் உங்கள் தண்ணீரையும் பாருங்கள் என்று சொன்னேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன். நான்கு வீட்டில் சோதித்தார்கள், இரண்டில் ஈ.கோலி இருந்தது. அந்த இரண்டில் ஒரு வீட்டுக்காரர் வியாழக்கிழமை என் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சுத்திகரிப்பு நிலையம் எதற்கு என்ற கேள்விக்குத் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே கைதட்டினார். மற்றவர்கள் தட்டியது ஒன்றும் செய்யவில்லை. அவர் தட்டியதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

கூட்டக் குறிப்பு நேற்று வெளியானது. என் பேச்சுக்கு ஒரு வரி: “பொதுமக்களில் ஒருவர் தண்ணீர் குறித்துப் பேசினார்.” எழுத்து மூலமான ஆட்சேபத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள். தாகமென்றால் தயங்காமல் கேளுங்கள், போன மாதச் சோதனை அறிக்கையைக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.