படித்து முடித்த பிறகா ஜெபம்?

வருஷம் பிறந்தால் எங்கள் வேலூர் பக்கம் பல சபைகளில் வேத வாசிப்பு அட்டவணை கொடுப்பார்கள். பைபிளில் 1,189 அதிகாரங்கள். தினமும் 3, ஞாயிறன்று 5 என்று போனால் டிசம்பருக்குள் முடிந்துவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள், மீதிப் பேர் டிக் அடிப்பதற்காகவே படிப்பார்கள். தொடங்கும்போது ஒரு ஜெபம், முடிக்கும்போது ஒரு ஜெபம். நடுவில் படித்ததற்கும் அந்த ஜெபத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

என்னைக் கேட்டால் ஜெபம் அந்த நடுவில்தான் வரவேண்டும். படிக்கிற வசனத்தையே எடுத்து ஆண்டவரிடம் பேசவேண்டும்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நோயாளிப் பிள்ளையோடு ஒரு தகப்பன் வருகிறான். இயேசு உடனே சுகமாக்கவில்லை. "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று கேட்கிறார். எங்கள் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஓபிடியில் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிற குடும்பங்களுக்கும் தெரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த வசனத்துக்கு ஓடவேண்டாம். உங்கள் வீட்டில் எது, எத்தனை காலமாக இருக்கிறதோ, அதை அவருக்குச் சொல்லுங்கள். அப்புறம் 24ஆம் வசனத்துக்கு வாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." நம் சாட்சிக் கூட்டத்தில் ஒருவர் மைக்கில் இப்படிச் சொன்னால் விசுவாசம் பத்தவில்லை என்போம். ஆனால் அவன் பிள்ளை சுகமானான்.

இது கத்தோலிக்கர் முறையாச்சே என்று சிலர் சொல்வார்கள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ வாசிப்பு, தியானம், ஜெபம் என்று படிப்படியாக எழுதிவைத்தது உண்மைதான். அப்போ சங்கீதம் 119 யாருடைய முறை? வேதத்தைப் பற்றிய அந்த 176 வசனங்களில் ஒரு சிலதைத் தவிர எல்லாமே கர்த்தரைப் பார்த்துப் பேசுபவை.

ஜெபித்தால் போதும், ஆராயத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காலண்டரில் எரேமியா 29:11 இருக்கும், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் சிறையிருப்பு என்கிறது. எந்தக் காலண்டர்காரர் அதை அச்சடிப்பார்? 11ஐ ஜெபிக்கிறவர் 10ஐயும் சேர்த்து ஜெபிக்கவேண்டும். கஷ்டம்தான், ஆனால் அப்போதுதான் இந்த வசனங்கள் இருக்கிற எரேமியாவின் கடிதம் யாருக்குப் போனது, ஏன் போனது என்று தேடத் தோன்றும்.

அட்டவணைக்காரர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. 1 நாளாகமத்தின் முதல் 9 அதிகாரங்களை, அந்தப் பெயர்ப் பட்டியலை, நானும் வேகமாகத்தான் தாண்டுவேன். 4ஆம் அதிகாரத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துப் போங்கள், அத்தனை பெயர்களுக்கு நடுவில் யாபேஸ் ஒருவன் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறான்.