சிப் ஒன்று, இலக்கம் வேறு
“ஏடிமெகா 328பி சிப்புக்கு ஒரு குறியீடு வரைந்தால் போதும், டிப் என்றாலும் டி.கியூ.எஃப்.பி என்றாலும் புட்பிரிண்டை மட்டும் மாற்றினால் சரி” என்று மேலே எழுதியிருக்கிற தம்பி, அது பிழை. டிப், டி.கியூ.எஃப்.பி இரண்டும் ஒரே சிப் வருகிற இரண்டு பெட்டி வடிவங்கள். குறியீடு என்பது சுற்றுப்படத்தில் சிப்பைக் காட்டும் படம், புட்பிரிண்ட் என்பது போர்டில் அதன் கால்கள் உட்காரும் பேடுகளின் (காலைச் சோல்டர் செய்யும் செப்புத் துண்டுகளின்) அமைப்பு. போர்டு வரையும் மென்பொருளான கீகாட், குறியீட்டிலுள்ள பின்னின் (காலின்) பெயரைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்த்து பேடோடு இணைக்கும். 28 கால் டிப்பில் 7ஆம் கால் விசிசி, அதாவது மின்சாரம் வருகிற கால். 32 கால் டி.கியூ.எஃப்.பியில் அதே 7 கடிகாரத் துடிப்புக்கான கிறிஸ்டல் போகிற கால், விசிசி வருவது 4இலும் 6இலும். ரீசெட் டிப்பில் 1, மற்றதில் 29. உங்கள் குறியீட்டில் 29 என்றொரு பின்னே இல்லையே, அது அந்தரத்தில் நிற்கும்.

ஈ.ஆர்.சி (கீகாட்டின் மின் இணைப்புச் சோதனை) பச்சை காட்டியது என்கிறீர்கள். காட்டும்தான், அது பார்ப்பது சுற்றுப்படத்தை, சிப்பின் உண்மையான கால்களை அல்ல. நானும் இப்படித்தான் கல்லடியில் வீட்டு மேசையில் அமிலத்தில் போட்டெடுத்த போர்டு ஒன்றைக் குப்பையில் போட்டேன், அரை நாள் சோல்டரை வேறு குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்களை எந்தப் பக்கம் வைத்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி. விசிசி மேலே, கிரவுண்ட் கீழே, போர்ட்டுகள் கூட்டமாக என்று வரைந்தால் வாசிக்கச் சுகம். ஆனால் இலக்கத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் டேட்டாசீட்டில் பார்த்துத் தனியாகப் போடுங்கள்.