‘டேம்’ ஆல்பத்தில் பயம் இருக்கும் இடம்

அமெரிக்க ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ‘டேம்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், சேலத்தில் என்னோடு ராப் கேட்கும் நண்பர்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் எடுப்பார்கள். மறு ஆண்டு அது புலிட்சர் இசைப் பரிசு பெற்றது ஒன்று. அதன் 14 பாடல்களையும் கடைசியிலிருந்து தலைகீழாகவும் கேட்கலாம் என்பது இன்னொன்று. பரிசைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. தலைகீழ் வரிசையை ஏதோ வித்தை காட்டியதைப் போலப் பேசுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் வரிசை மாறும்போது உண்மையில் மாறுவது ‘ஃபியர்’ (பயம்) பாடல் நம்மை வந்து சேரும் நேரம்.

ஏழு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாடலில் 7, 17, 27 ஆகிய வயதுகளின் பயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் பகுதி முழுவதும் தாயின் மிரட்டல். எதிர்த்துப் பேசினால் அடி, சோபாவில் குதித்தால் அடி, தெருப் பையன்களுக்குப் பயந்து அழுதுகொண்டே வீட்டுக்குள் வந்தாலும் அடி. சேலத்தின் குகை என்னும் நெசவாளர் பகுதியில் தறிச் சத்தத்துக்கு நடுவே “தோலை உரிச்சிடுவேன்” என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அந்த மிரட்டல் பெரிதாகக் கத்தாமல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. கத்தியிருந்தால் ஒரு நாள் கோபம் என்று கடந்துவிடுவோம், இப்படி வருவதால் அது அந்த வீட்டின் தினசரி வழக்கமாகிவிடுகிறது. பதினேழு வயதில் மிரட்டலின் இடத்துக்குச் சாவு வந்துவிடுகிறது: இப்படிச் சாவேனோ, அப்படிச் சாவேனோ என்று வரிக்கு வரி. இருபத்தேழில் எல்லாம் கைக்கு வந்தபின், அத்தனையும் போய்விடுமோ என்ற பயம்.

ஆல்பம் ஏறத்தாழ 55 நிமிடம். ஏற்காட்டுப் பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே ஏறும்போது ஒரு வரிசையிலும் இறங்கும்போது மறு வரிசையிலும் கேட்பது எனக்கு வசதி. மூல வரிசையில் ‘ஃபியர்’ பன்னிரண்டாவது. அதற்குள் ‘டிஎன்ஏ’, ‘ஹம்பிள்’ ஆகியவற்றின் மார்தட்டலை நாமும் சேர்ந்து ரசித்து முடித்திருப்போம். அது எந்தப் பயத்திலிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிகிறது. தலைகீழாகக் கேட்டால் ‘ஃபியர்’ மூன்றாவதாகவே வந்துவிடுவதால், ‘ஹம்பிள்’ ஒலிக்கும்போது பயந்த ஒருவன் சத்தம் போடுவதாகத்தான் கேட்கிறது. நமக்கு ஏமாறவே வாய்ப்பில்லை. முதலில் ஏமாந்து பிறகு உண்மை தெரிவதுதான் எனக்குப் பிடித்தது, அதனால் என் ஓட்டு மூல வரிசைக்கு.

கடைசிப் பாடலான ‘டக்வர்த்’ இதை இன்னும் உறுதிசெய்கிறது. கோழிக்கறிக் கடையில் வேலை பார்த்த கெண்ட்ரிக்கின் தந்தை, கொள்ளையடிக்கக்கூடிய ஆள் என்று தெரிந்த ஆண்டனிக்கு இலவசமாகக் கோழியும் கூடுதலாக இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து உயிர் தப்புகிறார். பிற்காலத்தில் கெண்ட்ரிக்கை வளர்த்த இசை நிறுவனத்தின் தலைவர் அதே ஆண்டனிதான். இந்தக் கருணைக்குப் பின்னால் இருந்ததும் பயமே என்பது ‘ஃபியர்’ கேட்ட காதுக்குத்தான் உறைக்கும்.

‘ஃபியர்’, ‘டக்வர்த்’ இரண்டுக்கும் இடையில் ‘காட்’ (கடவுள்) என்று ஒரு பாடல் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதைக் கடந்தே ஆக வேண்டும். எனக்கு அது இரண்டு திசையிலும் ஒட்டவில்லை.